'டிராகன்' வாங்கித் தரச் சொல்லி வீட்டில் அடமா? ஓணானைப் பார்க்கும் முன் கடையைப் பாருங்க!

நாய், பூனை, லவ் பேர்ட்ஸ், மீன் தொட்டி என்று போய்க்கொண்டிருந்த வீட்டுச் செல்லங்களின் வரிசையில் இப்போது புதிதாக ஒருவர் வந்து நிற்கிறார். தோளில் ஏறி அமர்ந்திருப்பார். கழுத்தைச் சுற்றி முள் முள்ளாகத் தாடி. கோபம் வந்தால் அந்தத் தாடி உப்பிக் கறுத்துவிடும். சில நேரம் ஒரு கையை மட்டும் தூக்கி டாட்டா காட்டுவார். ரீல்ஸில் இதைப் பார்த்த பிள்ளைகள், "எனக்கும் ஒரு டிராகன் வேணும்" என்று அடம் பிடிக்க, "ஓணானை எவனாவது காசு கொடுத்து வாங்குவானா?" என்று தாத்தா தலையில் அடித்துக்கொள்கிறார்.

தாத்தா சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. 'பியர்டட் டிராகன்' என்று விற்கப்படும் இந்தத் தாடி ஓணானும், நம் வேலியோரம் தலையாட்டும் ஓணானும் 'அகாமிடே' என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. வளர்ந்தால் வாலோடு சேர்த்து ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி வரை இருக்கும். நன்றாகப் பராமரித்தால் 8 முதல் 12 ஆண்டுகள் வாழும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்காக இன்று வாங்கினால், அந்தப் பிள்ளை பிளஸ் டூ முடிக்கும்போதும் அது வீட்டில் இருக்கும்.

ஆனால், வாங்கிய சில வாரங்களிலேயே சாப்பாட்டை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூலையில் சுருண்டுவிடும் குட்டிகளும் உண்டு. 'நாம சரியா வளர்க்கலையோ' என்று பிள்ளை அழும். பல நேரம் தவறு அந்த வீட்டில் நடந்திருக்காது. குட்டி வந்த இடத்திலேயே நடந்திருக்கும்.

நோயை மறைக்கும் உயிர்

நாய்க்குட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஊர்வன அப்படி இல்லை. காட்டில் சோர்ந்து கிடந்தால் பருந்துக்கும் பாம்புக்கும் இரையாக வேண்டியதுதான். அதனால் முடிந்தவரை நோயை வெளியே காட்டாது. அது வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

தாடி ஓணானுக்கு வரும் முக்கியமான தொல்லைகள் மூன்று.

முதலாவது, குடலில் வாழும் ஒட்டுண்ணிகள். அவற்றில் அடிக்கடி தென்படுவது 'காக்சிடியா'. கோழி வளர்ப்பவர்கள் ரத்தக்கழிச்சல் என்று சொல்வார்களே, அந்த நோயைக் கொண்டுவரும் ஒட்டுண்ணியின் இனத்தாரில் ஒன்று. ஒரே தொட்டியில் பல குட்டிகளை அடைத்து, கழிவை அள்ளாமல் விட்டால் மளமளவென்று பரவும்.

இரண்டாவது, 'அடினோ வைரஸ்'. இது குட்டிகளைக் கொன்றுவிடும். வளர்ந்த ஓணான்கள் சில, எந்த அறிகுறியும் இல்லாமல் வைரஸை மட்டும் பரப்பிக்கொண்டிருக்கும். இதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. கழிவு மாதிரியை பி.சி.ஆர். பரிசோதனை செய்துதான் கண்டுபிடிக்க முடியும்.

மூன்றாவது, எலும்பு மெலிவு. 'மெட்டபாலிக் போன் டிசீஸ்' என்பார்கள். உணவில் கால்சியம் குறைந்தாலோ, யு.வி.பி. கதிர் தரும் விளக்கு இல்லாவிட்டாலோ எலும்பு ரப்பர் போல ஆகிவிடும். தாடை வளையும், கால் கோணும். பிஞ்சு வயதில் வளைந்த எலும்பு பிறகு முழுதாக நிமிராது.

இந்த மூன்றுமே குட்டி பிறந்த, வளர்ந்த இடத்தில் ஆரம்பிப்பவை. அதனால் 'எந்தக் குட்டி அழகு' என்ற கேள்விக்கு முன்னால், 'எந்த இடத்துக் குட்டி' என்ற கேள்வி வர வேண்டும்.

'ஒரிஜினல் ஆஸ்திரேலியா இம்போர்ட்' என்றால் உஷார்

விற்பவர் பெருமையாக இப்படிச் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடலாம். வணிகத்துக்காக உயிருள்ள ஊர்வனவற்றை ஏற்றுமதி செய்ய ஆஸ்திரேலியா அனுமதிப்பதே இல்லை. உலகச் சந்தையில் இன்று கிடைக்கும் தாடி ஓணான்கள், பல தலைமுறைகளுக்கு முன் அங்கிருந்து வெளியேறியவற்றின் சந்ததிகள். அமெரிக்கா, ஐரோப்பா, ஆசிய நாடுகளில் பண்ணைகளிலும் வீடுகளிலும் பிறந்தவை. ஆகவே 'நேராக ஆஸ்திரேலியாவில் இருந்து' என்பது பொய்யாக இருக்கும், அல்லது கடத்தலாக இருக்கும்.

கடத்தல் என்பது எங்கோ நடக்கும் கதை அல்ல. 2023 ஜூலையில் கோலாலம்பூரில் இருந்து திருச்சி விமான நிலையத்துக்கு வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் உயிரோடு பிடிபட்டன. பாங்காக்கில் இருந்து சென்னைக்கு வரும் பயணிகளிடமும் இப்படிப்பட்ட உயிரினங்கள் திரும்பத் திரும்பச் சிக்குகின்றன. துணிப்பையிலும் பிளாஸ்டிக் டப்பாவிலும் தண்ணீர் இல்லாமல், சூடு இல்லாமல் பல மணி நேரம் அடைந்து கிடந்து வரும் உயிர், எங்காவது ஒரு கடைத் தொட்டிக்கு வந்து சேரும்போது பாதி உயிராகத்தான் இருக்கும். பக்கத்தில் இருக்கும் ஆரோக்கியமான குட்டிக்கும் அதன் நோய் போகும்.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். வெளிநாட்டு உயிரினத்தை முறையாக இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும், கால்நடைச் சுகாதாரச் சான்றிதழும் தனிமைப்படுத்தும் நடைமுறையும் உண்டு. இது தவிர, 2022ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 'சைட்டிஸ்' என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருந்து இந்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட வெளிநாட்டு விலங்குகளை வைத்திருப்போர், அதைப் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024ல் விதிகளும் வந்துவிட்டன. எந்த விலங்கு பட்டியலில் இருக்கிறது என்பது அவ்வப்போது மாறும். அதனால் முன்பணம் கட்டும் முன்பே, விலங்கின் அறிவியல் பெயரைச் சொல்லி மாவட்ட வன அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது. தாடி ஓணானின் அறிவியல் பெயர் 'போகோனா விட்டிசெப்ஸ்'.

இன்னொன்று. தாடி ஓணான் விற்கும் இடத்திலேயே உடும்புக் குட்டி, பச்சோந்தி, நட்சத்திர ஆமை என்று யாராவது காட்டினால், அது நம் நாட்டின் பாதுகாக்கப்பட்ட விலங்கு. விற்பதும் வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். அப்படிப்பட்டவரிடம் வேறு எதையும் வாங்க வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கும் விதி உண்டு. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தாடி ஓணான் வளர்க்கவே அரசு உரிமம் எடுக்க வேண்டும். இங்கிலாந்தில் செல்லப் பிராணி வியாபாரம் செய்பவருக்கு உள்ளூர் கவுன்சிலின் உரிமம் இருக்க வேண்டும். விளம்பரத்திலும் அந்த உரிம எண்ணைப் போட வேண்டும். எண் இல்லாத விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

எங்கே வாங்கலாம்?

*வளர்ப்பாளர்:* தானே ஜோடி வைத்து, முட்டை பொரிக்க வைத்துக் குட்டி விற்பவர். நல்லவர் கிடைத்தால் இதுதான் முதல் தேர்வு. தாயையும் தகப்பனையும் நேரில் காட்டுவார். பொரித்த தேதி எழுதி வைத்திருப்பார். ஒரு நேரத்தில் குறைந்த எண்ணிக்கையில்தான் குட்டி இருக்கும். 'அடுத்த மாசம் வாங்க' என்று சொல்லவும் தயங்க மாட்டார்.

*செல்லப் பிராணிக் கடை:* 2018ம் ஆண்டு விதிகளின்படி இந்தக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் கடையில் தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும். விலங்கு எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது என்ற பதிவேடும் வேண்டும். சுவரில் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இல்லையென்றால், "பதிவு எண் என்னங்க?" என்று கேட்டுவிடலாம்.

*ஆன்லைன்:* இன்ஸ்டாகிராமில் படம், விலைக்கு 'டி.எம். பண்ணுங்க', வாட்ஸ்அப்பில் பேரம், ஜிபேயில் முன்பணம், பஸ் பார்சலில் குட்டி. ஏமாற வாய்ப்பு அதிகம் உள்ள வழி இதுதான். படம் வேறு யாருடையதாகவோ இருக்கலாம். வீடியோ காலில் வந்து, அந்தக் குட்டி சாப்பிடுவதையும் தொட்டி முழுவதையும் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். காட்டினாலும் பார்சலில் வரவழைக்காமல் நேரில் போய்ப் பார்த்து வாங்குவதே சரி.

*வேறு வீட்டிலிருந்து:* வேலை மாற்றம், வெளிநாட்டுப் பயணம் என்று வளர்க்க முடியாமல் கொடுப்பவர்களும் உண்டு. ஒரு வயது தாண்டிய ஓணானுக்குக் குட்டிப் பருவத்து ஆபத்துகள் பெரும்பாலும் கழிந்திருக்கும். குணமும் தெரிந்திருக்கும். பெரும்பாலும் தொட்டி, விளக்கோடு சேர்த்தே கிடைக்கும். முதல் முறை வளர்ப்பவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் முதலில் வாங்கியதற்கான ரசீதையும், பதிவு தேவைப்படும் விலங்கென்றால் அந்தச் சான்றையும் கேட்டு வாங்க மறக்கக் கூடாது.

முதலில் தொட்டி, பிறகுதான் குட்டி

கடைக்குள் போனதும் கண் குட்டியைத்தான் தேடும். ஒரு ஐந்து நிமிடம் அதை அடக்கிக்கொண்டு தொட்டியைப் பாருங்கள்.

ஒரு தொட்டியில் எத்தனை குட்டிகள்? ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்தால், பலமான குட்டி மற்றதன் கால் விரலையும் வால் நுனியையும் கடித்துவிடும். விரல் குறைந்த குட்டிகள் கூட்டம் அதிகமான தொட்டியின் அடையாளம்.

மேலே என்ன விளக்கு எரிகிறது? வெறும் மஞ்சள் பல்பு வெப்பத்தைத் தரும், யு.வி.பி. தராது. இரண்டும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் வெயில் காயும் கல்லோ கட்டையோ, இன்னொரு பக்கம் குளிர்ச்சியான நிழல் என்று இருந்தால், விற்பவருக்கு விஷயம் தெரியும் என்று அர்த்தம்.

கீழே என்ன பரப்பியிருக்கிறார்கள்? பிஞ்சுக் குட்டிகளுக்கு மணல் பரப்பினால் இரையோடு மணலையும் விழுங்கும், குடல் அடைத்துக்கொள்ளலாம். பேப்பர் அல்லது டிஷ்யூ போட்டிருந்தால் பார்க்கச் சுமாராக இருக்கும், குட்டிக்கு அதுதான் நல்லது. காய்ந்துபோன கழிவு, இறந்த பூச்சி, வழவழத்த தண்ணீர்க் கிண்ணம் இருந்தால் வந்த வழியே திரும்பலாம்.

தலை முதல் வால் வரை

தொட்டி தேறிவிட்டதா? இனி குட்டி.

கண்கள் திறந்து, பளிச்சென்று, நம் அசைவைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். குழி விழுந்திருந்தால் நீர்ச்சத்து குறைவு. மூக்கில் நுரையோ சளியோ இருக்கக் கூடாது. விளக்குக்கு அடியில் வாயைத் திறந்து வைத்திருப்பது இயல்பு, உடல் சூட்டை அப்படித்தான் குறைக்கும். குளிர்ந்த பக்கத்திலும் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம்.

தாடை கெட்டியாக, இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். நடக்கும்போது முன்னங்காலை ஊன்றி உடலைத் தூக்க வேண்டும். வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு போனால், கால் நடுங்கினால் எலும்புத் தொல்லை. வாலின் அடிப்பகுதி சதைப்பிடிப்பாக இருக்க வேண்டும். இடுப்பு எலும்பு துருத்தினால் சரியாகச் சாப்பிடவில்லை. கழிவு வெளியேறும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும்; ஒட்டிக் காய்ந்திருந்தால் வயிற்றுப்போக்கு.

வயது குறைந்தது இரண்டு மாதமாவது ஆகியிருக்கட்டும். அதற்கும் சின்னதை 'கியூட்டா இருக்கு' என்று வாங்கினால் காப்பாற்றுவது கடினம். செதிலே இல்லாமல் வழவழப்பாக இருக்கும் 'சில்க்பேக்' என்ற ரகத்தை அபூர்வம் என்று கூடுதல் விலை சொல்வார்கள். செதில் இல்லாததால் தோல் எளிதில் கிழியும், சீக்கிரம் வறண்டுபோகும். புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மூலையில் சோர்ந்து கிடக்கும் குட்டியைப் பார்த்து, 'பாவம், நாமாவது வாங்கிக் காப்பாற்றலாம்' என்று மனசு சொல்லும். காசு கொடுத்து அந்த இடத்தைக் காலி செய்தால், நாளையே இன்னொரு நோயாளிக் குட்டி அங்கே வந்துவிடும். கடையின் நிலை மோசமாக இருந்தால் விலங்குகள் நல வாரியத்துக்குப் புகார் அனுப்புவதுதான் அந்தக் குட்டிக்குச் செய்யும் உதவி.

கேட்க வேண்டிய கேள்விகள்

கேள்வி கேட்டால் கோபப்படுபவரிடம் வாங்க வேண்டாம். பதில் எப்படி வருகிறது என்பதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

"அண்ணா, இது எப்போ பொரிச்ச குட்டி?" என்று கேட்டால், "ரெண்டு மாசம், மூணு மாசம் இருக்கும் சார், எடுத்துட்டுப் போங்க" என்பது ஒரு பதில். "மார்ச் 12ம் தேதி பொரிச்சது சார். தினமும் ரெண்டு தடவை பூச்சி, காலையில கொஞ்சம் கீரை. போன வாரம் கழிவு டெஸ்ட் பண்ணினோம், ரிப்போர்ட் இருக்கு" என்பது இன்னொரு பதில். இரண்டாமவர் விலை கூடச் சொன்னாலும் அவரிடம் வாங்குவதுதான் லாபம்.

வாட்ஸ்அப்பில் காப்பி செய்து அனுப்ப வசதியாக ஏழு கேள்விகள்:

1. பொரித்த தேதி என்ன? தாய், தகப்பனைக் காட்ட முடியுமா? அவை ஒரே வயிற்றுப் பிறப்பா?
2. இப்போது என்ன இரை, ஒரு நாளைக்கு எத்தனை முறை? என் கண் முன்னால் ஊட்ட முடியுமா?
3. இரையில் கால்சியம் பொடி தூவுகிறீர்களா?
4. யு.வி.பி. விளக்கு எப்போது மாற்றியது?
5. கழிவுப் பரிசோதனை, அடினோ வைரஸ் பரிசோதனை செய்தீர்களா? அறிக்கை உண்டா?
6. ரசீதில் உங்கள் பெயர், பதிவு எண், விலங்கின் பெயர் எழுதித் தருவீர்களா?
7. ஒரு வாரத்துக்குள் டாக்டர் நோய் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?

குட்டிக்கு முன்னால் வீடு

தொட்டி, விளக்குகள், வெப்பமானி எல்லாம் வாங்கி, இரண்டு மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் குட்டியைக் கொண்டுவர வேண்டும். வெயில் காயும் இடம் சுமார் 40 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 29 டிகிரி. யு.வி.பி. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும், கதிரின் வலு குறைந்துவிடும் என்பதால் 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்ற வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் உதவாது, கண்ணாடி யு.வி.பி. கதிரைத் தடுத்துவிடும்.

இது பாலை நிலத்து விலங்கு. காற்றில் ஈரப்பதம் 30 முதல் 40 சதவிகிதம் இருந்தால் அதற்கு வசதி. சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கம் இதற்குப் பெரிய சோதனை. காற்றோட்டமான தொட்டி கட்டாயம். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊராக இருந்தால் விளக்குக்கு என்ன மாற்று ஏற்பாடு என்பதையும் யோசிக்க வேண்டும்.

குட்டிப் பருவத்தில் பெரும்பாலும் பூச்சிதான் உணவு. வளர வளரக் கீரை, காய்கறி அதிகமாகும். பூச்சியின் அளவு ஓணானின் இரு கண்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. அவகாடோவும் மின்மினிப் பூச்சியும் விஷம். வீட்டில் உயிருள்ள பூச்சி டப்பா வைக்க அம்மா சம்மதிப்பாரா என்று கேட்டுவிட்டே அடுத்த அடி எடுத்து வைக்கவும்!

டாக்டரையும் முன்பே தேடி வைக்க வேண்டும். நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவர்களும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. பக்கத்துக் கால்நடை மருத்துவமனையிலோ, கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ போன் செய்து, 'ஊர்வன பார்ப்பீர்களா?' என்று கேட்டு எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள். யாரும் கிடைக்கவில்லை என்றால், அந்த ஊரில் இந்தச் செல்லம் வேண்டாம் என்றே அர்த்தம். குட்டி வந்த முதல் வாரத்திலேயே புதிய கழிவு மாதிரியோடு ஒரு செக்கப். ஏற்கெனவே வேறு ஓணான் இருந்தால் குறைந்தது ஒரு மாதமாவது வேறு அறையில், வேறு பாத்திரங்களோடு தனியாக வைக்க வேண்டும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு

ஆரோக்கியமான தாடி ஓணானின் குடலிலும் 'சால்மோனெல்லா' பாக்டீரியா இருக்கலாம். அதற்கு ஒன்றும் செய்யாது, நமக்கு வாந்தி, பேதி, காய்ச்சல் வரும். 2012 முதல் 2014 வரை அமெரிக்காவில் தாடி ஓணான்களோடு தொடர்புள்ள சால்மோனெல்லா தொற்று நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு வந்தது. அவர்களில் பாதிக்கும் மேல் 5 வயது வரையிலான குழந்தைகள்.

அதனால், வீட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தையோ, கர்ப்பிணியோ, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பெரியவரோ இருந்தால் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். மற்ற வீடுகளில், தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ரீல்ஸில் செய்வதுபோல் முத்தம் கொடுக்கக் கூடாது. அதன் தொட்டியையும் கிண்ணத்தையும் சமையலறை சிங்க்கில் கழுவக் கூடாது.

வளர்க்க முடியாமல் போனால் ஏரிக்கரையிலோ தோப்பிலோ விட்டுவிடவும் கூடாது. ஒன்று, அது செத்துப்போகும். அல்லது அதன் நோய் நம் ஓணான்களுக்குப் போகும். வாங்கும்போதே விற்பவரிடம், 'முடியாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?' என்று கேட்டு வைப்பது நல்லது. நல்ல வளர்ப்பாளர்கள் பெரும்பாலும் சரி என்பார்கள்.

ரசீது, பரிசோதனை அறிக்கை, மருத்துவர் எண், ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி. இந்த நான்கும் கைக்கு வந்த பிறகு குட்டியை எடுத்து வரலாம். அதுவரை பிள்ளையின் அடத்தைச் சமாளிக்க, வேலியோரம் தலையாட்டிக்கொண்டிருக்கும் நம்ம ஊர் ஓணானைக் காட்டுங்கள். கல்லெறியாமல், பிடிக்காமல், ஒரு வாரம் அது என்ன சாப்பிடுகிறது, எப்போது வெயில் காய்கிறது என்று பிள்ளையை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஆர்வம் குறையாமல் எழுதினால், டிராகன் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம்.